காற்றா, டீசலா? ஒரு படகுக் கணக்கு

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நண்பர் ஒருவர் முழங்கால் தேய்மானம் பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய மாதம் வரி கணக்குத் தாக்கல். இந்த மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். “வங்கியில் இருந்தவர்தானே, வைப்புநிதி வட்டி பற்றிப் பேசுங்கள்” என்றார் செயலாளர். வட்டியைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் வருத்தம்தான் வரும். அதனால் நான் படகைப் பற்றிப் பேசுகிறேன்.

சிரிக்காதீர்கள். படகு வாங்கப் போகிறவர் இந்த அறையில் யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில், ஐரோப்பாவில், ஓய்வு பெற்ற கணவன் மனைவி பலர் ஒரு படகை வாங்கி வருடத்தில் பாதியை அதிலேயே கழிக்கிறார்கள். அவர்களுக்குள் ஓயாத ஒரு விவாதம் உண்டு. பாய்மரப் படகு வாங்குவதா, மோட்டார் டிராலர் வாங்குவதா? நம் ஊரில் ஃபில்டர் காபியா, இன்ஸ்டன்ட் காபியா என்று சண்டை போடுகிற மாதிரி. ஆனால் இந்தச் சண்டையில் ஒரு வீட்டின் விலை அடங்கியிருக்கிறது.

என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு 61 வயது, இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு 56. நானும் என் மனைவியும் அங்கே ஆறு மாதம் தங்கியிருந்தபோது இந்த விவாதம் அவர்கள் வீட்டில் உச்சத்தில் இருந்தது. மாப்பிள்ளைக்குப் பாய்மரம். இருபது வருடமாக ஒரு கிளப்பில் சின்னப் பாய்ப்படகு ஓட்டியவர். அக்கா மகளுக்கு எதுவாக இருந்தாலும் பயம். வீட்டை விற்று வாங்கலாம் என்று அவர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. “மாமா, நீங்கள் கணக்குப் பார்த்தவர். இவரிடம் நீங்களே பேசுங்கள்” என்றாள். நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் பேரேடு எழுதியவன். கடலைப் பற்றித் தெரியாது. வரவு செலவு தெரியும். அதனால் அங்கே படித்ததையும், பார்த்ததையும், இரண்டு வகைப் படகிலும் ஏறி உட்கார்ந்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இந்த இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம்.

டிராலர் என்றதும் உங்களுக்குக் காசிமேடு ஞாபகம் வரும். இழுவலை போட்டு மீன் பிடிக்கும் விசைப்படகு. அந்த நாடுகளிலும் அந்தப் பெயர் மீன்பிடிப் படகிலிருந்துதான் வந்தது. மீன்பிடி டிராலரின் உடம்பு கனமானது, மெதுவாகப் போகும், அலையைத் தாங்கும், குறைவாக எண்ணெய் குடிக்கும். அதே மாதிரி உடம்பில் வலைக்குப் பதிலாகப் படுக்கையறை, சமையலறை, பெரிய ஜன்னல் வைத்தால் அதுதான் உல்லாச டிராலர். 1960களில் ஹாங்காங்கில் அமெரிக்கன் மரைன் என்ற நிறுவனம் கிராண்ட் பேங்க்ஸ் என்ற பெயரில் இப்படிப் படகுகளைக் கட்டி அமெரிக்காவுக்கு விற்க ஆரம்பித்தது. முதலில் மரம். 1973க்குப் பிறகு கண்ணாடியிழை. அந்தப் பழைய 36 அடிப் படகுகள் பல இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பாய்மரப் படகு உங்களுக்குத் தெரியும். ஆனால் வீடாகப் பயன்படுத்தும் பாய்மரப் படகில் முக்கியமான சமாசாரம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கீல் என்று ஈயத்திலோ இரும்பிலோ கனமான ஒரு பகுதி கீழே நீட்டிக்கொண்டிருக்கும். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேலே, அந்தக் கீலில்தான். காற்று பாயைத் தள்ளிப் படகைச் சாய்த்தாலும், தலையாட்டி பொம்மை மாதிரி அது நிமிர்த்திவிடும். பாய்மரப் படகிலும் ஒரு சின்ன டீசல் இன்ஜின் உண்டு. இதை மறக்காதீர்கள், பிறகு வருகிறது.

இன்னொன்று, அங்கே கேடமரான் என்று இரண்டு உடம்பு உள்ள பாய்ப்படகு பிரபலம். சொல் நம்முடையது, கட்டுமரம். பொருள் மாறிவிட்டது. விலை மிக அதிகம் என்பதால் மாப்பிள்ளையே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

இப்போது வேகம். பாய்மரம் மெதுவாகப் போகும், மோட்டார் சீறிப் பாயும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் கனமான எந்தப் படகுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். நீளம் 36 அடி என்றால் வர்க்கமூலம் 6. அதை 1.34 ஆல் பெருக்கினால் 8 நாட். அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். நம் தெருவில் சைக்கிளில் பால் கொண்டுவருபவர் வேகம். அதற்கு மேல் போகவேண்டுமானால் தான் எழுப்பிய அலையின் மேலேயே படகு ஏறவேண்டும். எண்ணெய் ஆறாக ஓடும், வேகம் கூடாது. அதனால் டிராலர்காரர்கள் 7 நாட்டில் போவார்கள். பாய்மரக்காரர்கள் 5, 6 நாட்டில் போவார்கள். வேகத்துக்காக ஒன்றை விட்டு இன்னொன்றை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

அடுத்து, எல்லோரும் கேட்பது, செலவு. மாப்பிள்ளையின் முதல் வாதமும் இதுதான். “மாமா, காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அவர்கள் போக நினைத்த வழி இது. அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டி உள்நாட்டு நீர்வழி ஒன்று ஓடுகிறது. ஆறு, கழிமுகம், காயல், வெட்டிய கால்வாய் எல்லாவற்றையும் கோத்தது. நம் பக்கிங்காம் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவிலிருந்து மரக்காணம் வரை கடலை ஒட்டியே வருமே, அந்த மாதிரி. ஆனால் அதில் இன்றும் படகு ஓடுகிறது. வர்ஜீனியாவில் நார்ஃபோக்கில் தொடங்கி மயாமி வரை சுமார் 1,090 மைல். குளிர்காலத்துக்குத் தெற்கே போய், வசந்தத்தில் வடக்கே திரும்புவது அங்குள்ளவர்களின் வழக்கம். நம் வேடந்தாங்கல் பறவைகள் மாதிரி.

அந்த 1,090 மைல் கடல் மைல் கணக்கில் ஏறக்குறைய 950. பழைய 36 அடி டிராலர், ஒற்றை இன்ஜின், 7 நாட்டில் போனால் மணிக்குச் சுமார் 2 கேலன் டீசல். 135 மணி நேரம், 270 கேலன், நம் கணக்கில் ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேலே. அதே வழியில் பாய்மரப் படகு போனால்? இங்கேதான் விஷயம். கால்வாய் குறுகலானது. காற்று எந்தப் பக்கம் இருந்தாலும் நீங்கள் கால்வாய் போகிற பக்கம்தான் போகவேண்டும். அகலமான காயல்களில் கொஞ்சம் பாய் விரிக்கலாம். மற்றபடி பாயைச் சுருட்டிவைத்துவிட்டு அந்தச் சின்ன இன்ஜினைத்தான் ஓட்டவேண்டும். மணிக்கு ஒரு கேலன் என்றே வைத்துக்கொள்வோம். 6 நாட்டில் 158 மணி நேரம், 158 கேலன், சுமார் 600 லிட்டர். வித்தியாசம் 112 கேலன். ஒரு கேலன் 4 டாலர் என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால் ஒரு வழிக்கு 450 டாலர். போய்வர 900.

இப்போது பேரேட்டின் மறுபக்கம். காற்று இலவசம்தான். காற்றைப் பிடிக்கும் சாதனம் இலவசம் இல்லை. பாய்த்துணி வெயிலில் நைந்துபோகும். பாய்மரத்தை நிறுத்திவைத்திருக்கும் எஃகுக் கம்பி வடங்களைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பழையதாக இருந்தால் காப்பீட்டு நிறுவனமே கேள்வி கேட்கும். கயிறு, கப்பி, கயிறு சுற்றும் இயந்திரம் எல்லாம் தேயும். பாய் ஒரு செட், வடம் ஒரு செட் என்று மாற்றினால் பல ஆயிரம் டாலர். அதை வருடக் கணக்கில் பிரித்தால் அந்த 900 டாலர் மிச்சம் அதிலேயே கரைந்துவிடும். நம் குடியிருப்பில் லிஃப்டுக்குப் பெட்ரோல் போடுவதில்லை. ஆனால் லிஃப்ட் பராமரிப்புக்கு மாதாமாதம் நாம் கொடுப்பது எவ்வளவு என்று பொருளாளருக்குத் தெரியும்.

டிராலர் மட்டும் உத்தமமா என்றால் அதுவும் இல்லை. அதே நீளத்துக்கு அதன் விலை பொதுவாக அதிகம், ஏனென்றால் உள்ளே இடம் அதிகம். 1970, 80களில் கட்டியவற்றில் மேல்தளத்துக்குத் தேக்குப் பலகையை ஆயிரக்கணக்கான திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு திருகாணி ஓட்டை வழியாகவும் தண்ணீர் இறங்கும். இரும்பு எண்ணெய்த் தொட்டி துருப்பிடித்து ஒழுகும். அதை வெளியே எடுக்க இன்ஜினையே நகர்த்தவேண்டி வரலாம். மொட்டைமாடி ஒழுகலை அனுபவித்த ஐந்தாம் மாடிக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இரண்டுக்கும் பொதுவான செலவும் உண்டு. படகுத்துறையில் வாடகை அடிக்கணக்கில். வருடாவருடமோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ தண்ணீரிலிருந்து தூக்கி, பாசி பிடிக்காத பெயின்ட் அடிக்கவேண்டும். காப்பீடு. எந்தப் படகானாலும் அதன் விலையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் செலவுக்கு ஒதுக்கு என்பது படகுக்காரர்களின் பழைய கணக்கு. ஆக, நிரந்தரச் செலவுதான் பெரியது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் என்பது மாறும் செலவு, அது சின்னது. காற்றா டீசலா என்ற சண்டை மொத்தச் செலவில் சின்னப் பங்கைப் பற்றிய சண்டை. மாப்பிள்ளை தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “சரி மாமா, காசு வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கடல் வாதம் இருக்கிறதே” என்றார்.

கடல் வாதம் உண்மையானது. அவர் பக்கத்தையும் நான் நியாயமாகச் சொல்லவேண்டும்.

ஐரோப்பாவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடப்பவர்கள் கேனரி தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போவார்கள். சுமார் 2,700 கடல் மைல். அந்த வழியில் குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து நிலையான காற்று வீசும். 1986லிருந்து வருடாவருடம் நூற்றுக்கணக்கான கடல் மைல் அல்ல, இந்த முழுத் தூரத்தையும் கூட்டமாகக் கடக்கும் பாய்மரப் பயணம் ஒன்று நடக்கிறது. சாதாரணக் குடும்பப் படகு மூன்று வாரத்தில் போய்விடும். அந்தப் பழைய 36 அடி டிராலரின் தொட்டி 400 கேலன். கேலனுக்கு மூன்றரை மைல் என்றால் 1,400 மைல். பாதிக் கடலில் தொட்டி காலி. பங்க் கிடையாது.

மோட்டாரில் பெருங்கடலைக் கடக்கவே முடியாது என்றில்லை. ராபர்ட் பீபி என்று அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர், பாய்மரத்தில் ஊறியவர், 50 அடியில் பேசேஜ்மேக்கர் என்று ஒரு மோட்டார் படகைத் தாமே வரைந்து, சிங்கப்பூரில் கட்டி, 1963ல் அதை இந்தியப் பெருங்கடல் வழியாக மத்தியதரைக் கடலுக்கு ஓட்டிச் சென்றார். அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய புத்தகம்தான் இன்றைக்கும் மோட்டார்காரர்களுக்கு வேதம். ஆனால் அப்படிக் கடல் தாண்டும் மோட்டார் படகு வேறு ஜாதி. பெரிய தொட்டி, ஆழமான உடம்பு, ஆட்டத்தை அடக்கும் துடுப்புகள். விலை நம் மாப்பிள்ளையின் வீட்டை இரண்டு முறை விற்றாலும் எட்டாது.

பாய்மரத்துக்கோ எல்லையே இல்லை. ஜோஷுவா ஸ்லோகம் என்பவர் 1895ல் பாஸ்டனிலிருந்து சுமார் 37 அடிப் படகில், இன்ஜின் இல்லாமல், தனியாகப் புறப்பட்டு 1898ல் உலகைச் சுற்றிவந்து சேர்ந்தார். கிளம்பும்போது வயது 51. நம் கடற்படையின் தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து இரண்டு பெண் அதிகாரிகள் கிளம்பினார்கள். தில்னா கோழிக்கோட்டுக்காரர். ரூபா நம் புதுச்சேரிக்காரர். இரண்டே பேர். உலகைச் சுற்றி, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். இதைச் சொன்னபோது மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. “பார்த்தீர்களா மாமா!”

“பார்த்தேன் மாப்பிள்ளை. அவர்கள் இரண்டு பேருக்கும் பயிற்சி உண்டு. ஒருவர் தூங்கினால் இன்னொருவர் முழுப் படகையும் ஓட்டுவார். உங்கள் படகில் இரண்டாவது ஆள் யார்?” என்றேன்.

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். வங்கியில் கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் கேட்கும் கேள்விதான். இந்தப் பொருள் வருடத்தில் எத்தனை நாள் வேலை செய்யும்? “365 நாளையும் பிரித்து எழுதுங்கள். ஆசையை எழுதவேண்டாம், உண்மையில் நடக்கப்போவதை எழுதுங்கள்” என்றேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஜூன் முதல் நவம்பர் வரை அட்லாண்டிக்கில் சூறாவளிக் காலம், பல காப்பீட்டு நிறுவனங்கள் படகைத் தெற்கே கொண்டுபோக விடுவதில்லை. அந்த 180 நாள் வீட்டில், படகு கரையில். கால்வாயில் ஓடுவது 50 நாள். நங்கூரம் போட்டோ துறையில் கட்டியோ நிற்பது 120 நாள். திறந்த கடல், மயாமியிலிருந்து பஹாமாஸ் தாண்டுவது, தீவுக்குத் தீவு போவது, எல்லாம் சேர்த்து 15 நாள். கூட்டினால் 365.

அந்த 15 நாளுக்காகத்தான் பாய்மரம். 120 நாள் அதில் குடியிருக்கவேண்டும். 50 நாள் கால்வாயில் போகவேண்டும்.

குடியிருப்பது என்றால் என்ன வித்தியாசம் என்று நான் நேரில் பார்த்தேன். பாய்மரப் படகில் வீடு கீழே இருக்கிறது. செங்குத்தான ஐந்தாறு படி ஏணியில் இறங்கவேண்டும். என் மனைவி ஒருமுறை இறங்கினாள், சாயங்காலம் வரை மேலே வரவில்லை. ஓட்டுபவர் வெளியே, வெயிலிலும் மழையிலும். டிராலரில் கூடம் மேலேயே இருக்கிறது. சமைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கரையைப் பார்க்கலாம். சுக்கான் உள்ளேயே. கால்வாயில் குறுக்கே பாலங்கள் இருக்கின்றன. உயரமான நிலைப் பாலங்கள் பெரும்பாலும் 65 அடி. பாய்மரம் அதற்குள் இருக்கவேண்டும். தாழ்வான பாலங்களைத் திறக்கும் நேரம் வரும்வரை பாய்மரப் படகு காத்திருக்கும். டிராலர் பல இடங்களில் அடியிலேயே நுழைந்து போய்விடும். கிழக்கு அமெரிக்காவையே ஆறும் ஏரியுமாகச் சுற்றும் சுமார் 6,000 மைல் பெருஞ்சுற்று ஒன்று உண்டு. அதில் சிகாகோ பக்கம் ஒரு பாலம் 20 அடிக்கும் குறைவு. அங்கே பாய்மரக்காரர்கள் மரத்தையே கழற்றிப் படுக்கவைக்கவேண்டும்.

ஆனால் தாளில் பார்த்தது போதாது. இரண்டையும் ஒவ்வொரு வாரம் வாடகைக்கு எடுங்கள் என்றேன். செசபீக் வளைகுடாவில் அது சுலபம். அந்த இரண்டு வாரத்தில் எதிர்பாராதது நடந்தது.

டிராலரில் இரண்டாம் நாள் பக்கவாட்டில் அலை வந்தது. பெரிய அலை இல்லை, மூன்றடி. படகு தொட்டில் மாதிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அக்கா மகள் மூன்று மணி நேரம் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். பாய்மரப் படகில் அதே அளவு அலையில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்று பாயை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்வதால் படகு சாய்ந்து ஓடும், ஆடாது. “மாமா, இது சாய்ந்திருக்கிறது, ஆனால் நிம்மதியாக இருக்கிறது. இன்ஜின் சத்தமும் இல்லை” என்று அவளே எனக்குப் போன் செய்தாள். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். ஒரு மெத்தை இருக்கையைத் தண்ணீரில் தூக்கிப் போட்டாள். “அது நீங்கள். நீங்கள் விழுந்துவிட்டீர்கள். வாயைத் திறக்கக்கூடாது, நான் எடுக்கிறேன்” என்றாள். பாயை இறக்கி, இன்ஜினைப் போட்டு, திருப்பி, கண்ணில் தேடி, பக்கத்தில் கொண்டுவர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த மெத்தைக்கு நூறு கிராம் எடைகூட இல்லை. மாப்பிள்ளை எண்பது கிலோ. படகின் பக்கச் சுவரோ நாலடி உயரம். முந்தைய வாரம் டிராலரில் இதே பரீட்சையை ஆறு நிமிஷத்தில் முடித்திருந்தாள். டிராலரின் பின்பக்கம் தண்ணீரை ஒட்டியே ஒரு படித்தளம் இருக்கிறது.

அன்றிரவு அவர்கள் இரண்டு பேரும் பேசியது எனக்குத் தெரியாது. மறுநாள் மாப்பிள்ளை என்னிடம் சொன்னது இதுதான். “இருபது வருடமாக எனக்குப் பாய்மரம் தெரியும் மாமா. அவள் எனக்காக வருகிறாள். எனக்கு நெஞ்சு வலி வந்தால், அவள் தனியாக என்னைக் கரைக்குக் கொண்டுவர முடிகிற படகைத்தான் நான் வாங்கவேண்டும்.”

அதற்கு அவள் சொன்ன பதிலும் எனக்குப் பிடித்திருந்தது. “நீங்கள் விட்டுக்கொடுக்கிறதாக நினைக்கவேண்டாம். நானும் கற்றுக்கொள்கிறேன். அலை இருக்கிற நாளில் மட்டும் என்னைக் கிளப்பாதீர்கள்.”

பழைய 36 அடி டிராலர் ஒன்று வாங்கினார்கள். 120 குதிரைத்திறன் லேமன் டீசல் இன்ஜின், ஒற்றை. வாங்கும் முன் படகு மதிப்பீட்டாளரை வைத்து அடி முதல் நுனி வரை தட்டிப் பார்த்தார்கள். இன்ஜின் எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பினார்கள். வீட்டை விற்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். தேய்ந்துகொண்டே போகும் பொருளை வாங்க, ஏறிக்கொண்டே போகும் பொருளை விற்கக்கூடாது. படகு பிடிக்கவில்லை என்றாலோ, முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றாலோ, திரும்பி வர ஒரு வாசல் வேண்டும். சேமிப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் படகில் போடவில்லை. வருடச் செலவுக்குத் தனிக் கணக்கு திறந்து அதில் பணம் போட்டுவைத்திருக்கிறார்கள், நம் சங்கத்தின் பராமரிப்பு நிதி மாதிரி.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். பஹாமாஸ் தாண்ட மயாமியில் பதினோரு நாள் காத்திருந்தார்கள். அங்கே கல்ஃப் ஸ்ட்ரீம் என்று கடலுக்குள் ஓர் ஆறு வடக்கே ஓடுகிறது, மூன்று நாட் வேகத்தில். வடக்குக் காற்று அதை எதிர்த்து அடித்தால் அலை செங்குத்தாக எழும்பும். பிமினி தீவு வெறும் 50 மைல்தான். ஆனால் நாள் பார்த்துத்தான் கிளம்பவேண்டும். பாய்மரக்காரர்களும் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தார்கள் என்பது மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன ஆறுதல். அட்லாண்டிக்கைக் கடக்கும் ஆசை அவருக்குப் போகவில்லை. துறையில் ஓர் உயரமான பாய்மரம் வந்து நின்றால் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்க்கிறார். அந்த நஷ்டத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு வங்கியில் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அது அவருக்குத் தெரிந்து கொடுத்த விலை.

இனி, நமக்கு இதில் என்ன இருக்கிறது? நாம் படகு வாங்கமாட்டோம். ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் நம்மில் பலருக்கு ஏதோ ஓர் ஆசை வருகிறது. ஒருவருக்கு ஊர்ப்பக்கம் தோப்பு. ஒருவருக்குக் கொடைக்கானலில் வில்லா. ஒருவருக்குப் பெரிய கார். போன வருடம் நம் இரண்டாம் பிளாக் நண்பர் ஒருவர் இப்படி ஒரு தோப்புக்கு முன்பணம் கொடுக்கும் முன் என்னிடம் வந்தார். அவரிடமும் இதே மூன்று கேள்விதான் கேட்டேன். 365 நாளில் அது எங்கே, எப்படி இருக்கும் என்று எழுதினீர்களா? நீங்கள் பயன்படுத்தாத மாதத்திலும் அது கேட்கிற செலவு எவ்வளவு? உங்களுக்கு முடியாமல் போனால் வீட்டில் இருக்கிற இன்னொருவரால் அதைச் சமாளிக்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் நாம் சொல்லக்கூடாது. அந்த இன்னொருவர்தான் சொல்லவேண்டும். என் அக்கா மகள் மெத்தையைத் தண்ணீரில் போட்ட மாதிரி, ஒரு தடவை தனியாகச் செய்து பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும். நம் குடியிருப்பில் எத்தனை வீட்டில் அம்மாக்களுக்கு வங்கிக் கணக்கின் நெட்பேங்கிங் திறக்கத் தெரியும், எத்தனை வீட்டில் அப்பாக்களுக்கு காஸ் ரெகுலேட்டர் மாட்டத் தெரியும் என்று இன்றைக்கு இரவு ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். படகு இல்லாமலே அந்தப் பரீட்சை வைக்கலாம்.

 அடுத்த மாதம் மாடித்தோட்டம் பற்றி மூன்றாம் பிளாக் அம்மா பேசுகிறார், தவறாமல் வாருங்கள். கேள்விகள் இருந்தால் டீ குடித்துக்கொண்டே கேளுங்கள்.